கல் நின்றது, கால்வாய் எங்கே?

தொடங்கப்படும் திட்டத்துக்கு மேடை உண்டு, மாலை உண்டு, கல்வெட்டிலே பெயர் உண்டு. முடிக்கப்பட்ட திட்டத்துக்கோ அதைவிடப் பெரிய மேடை, அதைவிடக் கனமான மாலை. இந்த இரண்டுக்கும் நடுவிலே, தொடங்கப்பட்டு முடிக்கப்படாமல் கிடக்கிறதே ஒரு வகைத் திட்டம், அதற்கு மட்டும் மேடையும் இல்லை, மாலையும் இல்லை, உரிமை கொண்டாட ஆளும் இல்லை. "அது நடக்கவில்லை" என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறோம்.

நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா, தோழர்களே? அரைகுறையாய் நிற்கும் திட்டம் சும்மா நிற்பதில்லை. வரிப்பணத்தை விழுங்கிவிட்டு நிற்கிறது. நிலத்தையும் நீரையும் வளைத்துக்கொண்டு நிற்கிறது. தான் வளராமலும், வேறொன்றைத் தன் இடத்தில் முளைக்க ஒட்டாமலும் நிற்கிறது. அதை நம்பிக் கடை வைத்தவன் கடனாளியாகிறான். அதற்காக இடம் பெயர்ந்தவன் திரும்பி வர இயலாதவனாகிறான். முடிந்த திட்டம் ஒரு வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றுகிறது என்றால், முடியாத திட்டமும் மாற்றத்தான் செய்கிறது. எந்தத் திசையில் என்பதுதான் வேறுபாடு.

தென்பாண்டிக் கடலோரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சேதுக் கால்வாயைத்தான் சொல்கிறோம்.

சென்னையிலே சரக்கேற்றித் தூத்துக்குடிக்குப் புறப்படும் பெரிய கப்பல், இந்தியக் கரையை ஒட்டியே போய்ச் சேர வழியில்லை. பாம்பன் வாய்க்கால் ஆழமற்றது. ஆதம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் வழங்கும் மணல் திட்டுகளின் வரிசை குறுக்கே கிடக்கிறது. ஆகவே இலங்கைத் தீவு முழுவதையும் வலம் வந்துதான் தூத்துக்குடியை அடைய வேண்டும். முன்கட்டிலிருந்து கொல்லைக்குப் போக ஊரையே சுற்றி வருகிறவனின் நிலை! இதைப் போக்கக் கால்வாய் வெட்டலாம் என்று 1860ஆம் ஆண்டிலேயே யோசனை சொன்னவர் கமாண்டர் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. அதிலிருந்து 1922 வரை ஒன்பது யோசனைகள் வந்தன. ஒன்பதும் ஏட்டிலே உறங்கின. அது வெள்ளையர் ஆட்சி. அவர்களுக்கு அவசரமில்லை என்று அதை விட்டுவிடலாம்.

நாடு விடுதலை பெற்றபின், 1955ல், டாக்டர் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்லிற்று. ஒன்று, தூத்துக்குடித் துறைமுக வளர்ச்சியும் சேதுக் கால்வாயும் ஒன்றோடொன்று பிணைந்தவை, இரண்டையும் ஒரே திட்டமாகக் கொண்டு நிறைவேற்றுக என்பது. மற்றொன்று, ஆதம் பாலத்தின் ஊடே கடலில் வெட்டும் எண்ணத்தைக் கைவிடுக, அங்குள்ள மணல் இடம் பெயரும் இயல்புடையது, நிலத்தின் வழியே கால்வாய் வெட்டி இரு கடலையும் இணைப்பதே தக்கது என்பது. அன்று அவர்கள் கணித்த செலவு 9 கோடியே 98 இலட்சம் ரூபாய்.

இந்த இரண்டு அறிவுரைகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் நடந்தவை அனைத்தும் இவற்றை ஒட்டியும் வெட்டியுமே நடந்தன.

9 கோடியே 98 இலட்சம், 1960களில் நாகேந்திரசிங் குழுவின் ஏட்டிலே 37 கோடியே 46 இலட்சமாயிற்று. 1980ல் இலட்சுமிநாராயணன் குழு 110 கோடி என்றது. 1983ல் அது 282 கோடியாக ஏறிற்று. 1996ல் பல்லவன் ஆலோசனை நிறுவனம் 760 கோடி என்றது. 2005ல் பணி தொடங்கியபோது மதிப்பீடு 2,427 கோடி. பத்தையும் இரண்டாயிரத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நேர்மையாகாது; ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது, கால்வாயின் ஆழமும் அகலமும் தடமும் மாறின. அதை ஒப்புக்கொண்டே சொல்கிறோம்: ஒவ்வொரு குழு வந்தபோதும் முந்திய குழுவின் அளவைகள் பழங்கணக்காகிவிட்டன. மறுபடி அளந்தார்கள், மறுபடி எழுதினார்கள், மறுபடி பரணில் ஏற்றினார்கள். ஒரு தலைமுறை கூட்டிய கணக்கை அடுத்த தலைமுறை அழித்துக் கூட்டிற்று.

1967ஆம் ஆண்டை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய முதலமைச்சர் அண்ணா, தூத்துக்குடித் துறைமுகமும் சேலம் இரும்பாலையும் சேதுக் கால்வாயும் வேண்டும் என்று மத்திய அரசுக்கு உணர்த்த, நாடெங்கும் 'எழுச்சி நாள்' கொண்டாடச் செய்தார். மூன்று கோரிக்கைகள்! அவற்றின் கதி என்ன? தூத்துக்குடி, 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சேலத்து ஆலை 1980களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் கஞ்சமலைத் தாதுவை உருக்கும் முழு ஆலையாக எதிர்பார்த்தது, எங்கோ உருக்கிய எஃகைக் கொண்டுவந்து தகடாக உருட்டும் ஆலையாகத்தான் வந்தது. மூன்றாவது கோரிக்கையோ வரவேயில்லை.

தூத்துக்குடி ஏன் பிழைத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கால்வாயோடு சேர்த்தே நிறைவேற்றுக என்று முதலியார் குழு சொன்னதைக் கேட்டுக் காத்திருந்தால், அந்தத் துறைமுகமும் இன்றுவரை தோணித் துறையாகவே இருந்திருக்கும். கால்வாயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். முடிக்க இயன்றதை முடித்தார்கள். அறிவாளர் குழுவின் அறிவுரையை மீறியதால் வந்த நன்மை என்று இதைச் சொல்ல எங்களுக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

இனி 2005. ஜூலை 2ஆம் நாள், மதுரையில், பிரதமர் மன்மோகன்சிங் பணியைத் தொடங்கிவைத்தார். 167 கிலோமீட்டர் நீளத் தடம். 300 மீட்டர் அகலம். 12 மீட்டர் ஆழம். தூர்வாரும் கப்பல்கள் பாக் நீரிணைக்கு வந்தன. நூற்றைம்பது ஆண்டுக் கனவு நனவாயிற்று என்று எழுதாத ஏடு இல்லை, இந்த ஏட்டின் பக்கங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

இரண்டாண்டுகள் செல்லுமுன் வழக்கு வந்தது. 2007 ஆகஸ்டு 31ல், ஆதம் பாலத்துக்குச் சேதம் நேரக்கூடாது என்று உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதன் பிறகு நாடே ஒரு புராண விவாதத்தில் இறங்கிற்று. பாலத்தைக் கட்டியவர் யார், அவர் இருந்தாரா, இல்லையா என்று ஒரு தரப்பு முழங்க, மறு தரப்பு மறுமுழக்கமிட, தலைநகரங்களில் தீப்பந்தம் எரிந்தது. அந்த இரைச்சலில், கேட்கப்பட வேண்டிய கேள்விகள் எல்லாம் வாசற்படியிலேயே நின்றுவிட்டன. 12 மீட்டர் ஆழத்தில் எவ்வளவு பெரிய கப்பல் போகும்? வெளிநாட்டிலிருந்து நேரே வருகிற கப்பலுக்கு எத்தனை மணி மிச்சம்? கட்டணமும் மெதுவாகச் செல்வதும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடாதா? வாரிய மணலைப் புயல் மறுபடி கொண்டுவந்து கொட்டினால் ஆண்டுதோறும் வாரும் செலவு யாருடையது? நிலத்தின் வழி வெட்டுக என்று 1950களில் சொன்னதை விட்டுக் கடலின் வழி ஏன் போனோம்?

இவற்றைவிட முக்கியமான கேள்வியை எழுப்பியவர்கள் மீனவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளத்திட்டும் கடற்புல்லும் அங்கே கிடப்பது காட்சிக்காக அல்ல. கரைவலைக்காரனும் நாட்டுப்படகுக்காரனும் சங்கு குளிப்பவனும் உண்ணும் சோறு அதில்தான் விளைகிறது. பாக் விரிகுடாவில் ஆவுளியா என்று அவர்கள் அழைக்கும் கடற்பசுவுக்காகத் தமிழ்நாடு அரசே 2022ல் 448 சதுரக் கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. "கப்பல் போகும் தடத்திலே எங்கள் வலை என்னாகும்?" என்று அவர்கள் 2004லும் 2005லும் கேட்டபோது, வளர்ச்சிக்கு இடையூறு செய்கிறார்கள் என்று நம்மவர் சிலரே சலித்துக்கொண்டதை நாம் அறிவோம். தவறு, தோழர்களே! வலைக்காரனுக்கு விடை சொல்லாமல் தொடங்கிய திட்டம், வழக்காளிக்கு விடை சொல்லவும் திராணியற்றுப் போயிற்று.

2009 ஜூலையில் வாரும் பணி அடியோடு நின்றது. அதற்குள் ஏறத்தாழ 767 கோடி ரூபாய் செலவாகிவிட்டது. மாற்றுத் தடத்தை ஆராயப் பச்சௌரி தலைமையில் 2008ல் அமைந்த குழு, பொருளாதாரத்துக்கும் ஒவ்வாது, சூழலுக்கும் ஒவ்வாது என்று கருத்துரைத்தது. 2013ல் அது நீதிமன்றத்தின் முன் வந்தது. 2018ல் மத்திய அரசு, பாலத்தைச் சேதப்படுத்தும் தடத்தில் போவதில்லை, வேறு வழி பார்ப்போம் என்று சொல்லிற்று. 2023 ஜனவரி 12ல் தமிழ்நாடு சட்டமன்றம், திட்டத்தை நிறைவேற்றுக என்று ஒருமனதாகத் தீர்மானம் இயற்றிற்று. உயிரோடிருப்பதாகவும் சொல்ல முடியவில்லை. இறந்ததாக எழுதிக்கொடுக்கவும் ஆளில்லை.

இதற்கிடையில் கப்பல்கள் காத்திருக்கவில்லை. 1950களில் பெரிதென்று எண்ணிய கப்பல் இன்று சிறியது. ஆயிரக்கணக்கான கண்டெய்னர்களைச் சுமந்துவரும் தாய்க்கப்பல்கள் கொழும்பை நாடின; நம் சரக்கும் சிறு கப்பல்களில் அங்கே போய், பெரிய கப்பலுக்கு மாறிற்று. குமரி எல்லைக்கு அப்பால், விழிஞ்ஞத்திலே, இயற்கையாகவே ஆழமான கடலை நம்பித் துறைமுகம் கட்டி, 2024 டிசம்பரில் வணிகத்தைத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட திட்டந்தான், ஆனால் முடித்தார்கள்.

இராமநாதபுரம் என்னாயிற்று? 2018ல் மத்திய அரசு, நாட்டிலே பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்து 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே. ஒன்று விருதுநகர், மற்றொன்று, சேதுக் கால்வாய் எந்த மண்ணின் பெயரால் கேட்கப்பட்டதோ அதே இராமநாதபுரம். கால்வாய் வராததால்தான் அது பின்தங்கியது என்று சொல்ல மாட்டோம். வறண்ட கண்மாயும் உவர் நிலமும் பழைய காரணங்கள். ஆனால் எத்தனை தேர்தல்களில் அந்த மக்களின் குடிநீருக்கும் தொழிலுக்கும் விடையாகக் "கால்வாய் வரும்" என்ற ஒற்றைச் சொல் கொடுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கிறோம். வரப்போகும் பெரியதைச் சொல்லி, செய்யக்கூடிய சிறியதைத் தள்ளிப்போடுவது ஆட்சியாளருக்கு எளிது. அந்த எளிமையைத் தருவது முடிவுறாத திட்டமே. அதே கரையில் 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோன தனுஷ்கோடி ரயில்பாதையை மீண்டும் போட 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். கல்லுக்குப் பின்னே தண்டவாளம் வரவில்லை.

கடல் கடந்தும் ஒரு கால்வாய் உண்டு. சூடான் நாட்டின் தென்பகுதியிலே, நைல் நதி பரந்த சதுப்பிலே சிதறி, வெயிலில் ஆவியாகிப் போகிறது. சதுப்பைச் சுற்றிக் கால்வாய் வெட்டி அந்த நீரை வடக்கே எகிப்துக்கும் சூடானுக்கும் கொண்டுபோக ஜோங்கிலித் திட்டம் வகுத்தார்கள். நீளம் 360 கிலோமீட்டர். 1978ல் வேலை தொடங்கிற்று. மாடி வீட்டைவிட உயரமான சக்கர எந்திரம் ஒன்று மண்ணை வாரி எறிந்துகொண்டு முன்னேறிற்று. தண்ணீர் யாருக்கு, சதுப்பிலே மாடு மேய்த்து வாழும் எங்களுக்கு என்ன என்று தென்னாட்டு மக்கள் கேட்டார்கள். விடை வரவில்லை; 1983ல் உள்நாட்டுப் போர் வந்தது. 1984ல் கிளர்ச்சிப் படையின் தாக்குதலோடு வேலை நின்றது. அந்தப் படையின் தலைவர் ஜான் கராங், 1981ல் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற எடுத்துக்கொண்ட பொருளே ஜோங்கிலி வட்டாரத்தின் வளர்ச்சிதான்! திட்டத்தை அறியாதவர் நிறுத்தியதல்ல அது, அறிந்தவர் நிறுத்தியது.

நின்றபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்பட்டிருந்தது. 2011ல் தென்சூடான் தனி நாடே ஆகிவிட்டது. நீர் ஓடாத அந்த நெடும்பள்ளம் மட்டும் அங்கேயே கிடக்கிறது. மந்தைகளும் காட்டு விலங்குகளும் வழக்கமாய்க் கடக்கும் வழியை அது மறித்தது. செங்குத்தான கரையில் இறங்கிய மாடு ஏற முடியாமல் தவித்தது. எந்திரமோ துருப்பிடித்து நிற்கிறது. வெட்டாமலே விட்டிருந்தால் மேய்ச்சல் மிஞ்சியிருக்கும். முழுக்க வெட்டியிருந்தால் நீராவது ஓடியிருக்கும். பாதி வெட்டியதிலே இரண்டும் இல்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? சென்னைக்கே வருவோம். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை 19 கிலோமீட்டர் மேம்பாலச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல். செலவு ஏறத்தாழ 1,800 கோடி. கூவம் ஓரமாகத் தூண்கள் எழுந்தன. 2011ல் ஆட்சி மாறிற்று. 2012 மார்ச்சில், தூண்கள் ஆற்றின் போக்கை மறிக்கின்றன என்று சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்திற்று. 2014ல் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கிற்று. அப்போதும் வேலை தொடரவில்லை. பத்தாண்டு, வெறுந்தூண்கள் வெயிலும் மழையும் குடித்தன. 2022ல் இரண்டு அடுக்குப் பாலமாக வடிவத்தை மாற்றி மறுபடியும் அடிக்கல் நாட்டியபோது செலவு 5,800 கோடியைத் தாண்டிற்று.

அந்தப் பத்தாண்டின் விலையைக் கொடுத்தவர் யார்? துறைமுக வாயிலில் கண்டெய்னர் லாரியிலே இரவு பகலாக வரிசையில் கிடந்த ஓட்டுநர் கொடுத்தார். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அந்த வரிசையின் புகையைச் சுவாசித்த குழந்தை கொடுத்தது. இன்னொரு கூட்டத்தாரும் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பாலத்துக்கு இடம் வேண்டுமென்று கூவங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டு, நகரத்தின் கோடியிலே, ஒக்கியம் துரைப்பாக்கத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள்! பாத்திரம் துலக்கப் போன வீடு பத்து மைலுக்கு அப்பாலாயிற்று. பிள்ளையின் பள்ளிக்கூடம் பாதி வகுப்பில் மாறிற்று. பாலம் நின்றது. அகற்றியது நிற்கவில்லை.

இங்கே நம் தோழர்களிடம் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறோம். ஆட்சி மாறினால் தூண் கட்சி மாறுவதில்லை. எதிர் அணியினர் தொடங்கினர் என்பதற்காக ஒரு பாலத்தை வெறுப்பதும், நம்மவர் தொடங்கினர் என்பதற்காக ஒரு கால்வாயின் குறையைக் கேட்கவே மறுப்பதும் ஒரே நோயின் இரு பக்கங்கள். தூண்கள் ஆற்றை மறிக்கின்றன என்ற கேள்வி தவறான கேள்வியல்ல. 2015 டிசம்பர் வெள்ளம் கண்ட சென்னையில் எவர் அதைத் தவறென்பார்? ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காண ஓராண்டு போதும். பத்தாண்டு நிறுத்திவைத்தது ஆற்றின் மேல் கொண்ட அன்பு என்று நம்ப எங்களால் இயலவில்லை.

நிறுத்துவது என்றைக்குமே குற்றம் என்று நாங்கள் வாதிடவில்லை. மேற்குமலையிலே பெரியாற்றைத் தடுத்துக் கிழக்கே திருப்பலாம் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆராய்ந்தார். செலவு தாங்காது என்று கைவிடப்பட்டது. 1850ல் மண்ணணை போட முயன்று, காட்டு நோய்க்கு அஞ்சிய தொழிலாளர் அதிகக் கூலி கேட்டதால் விட்டார்கள். 1887ல் மீண்டும் தொடங்கி, பென்னிகுவிக் தலைமையில் 1895ல் முடித்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் நெல் அதற்குச் சாட்சி. கைவிட்டபோது கைவிட்டதாகச் சொன்னார்கள். எடுத்தபோது முடிக்கும் வகையோடு எடுத்தார்கள். ஆளில்லா மேடையில் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கவில்லை.

ஆகவே மாவட்டந்தோறும் நம் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஒன்றியத்திலே இரு கரையிலும் தூண் எழும்பி நடுவே தளம் இல்லாத பாலம் எது? கட்டடம் எழும்பி மருத்துவர் வராத மருத்துவமனை எது? குழாய் புதைத்து நீர் விடாத குடிநீர்த் திட்டம் எது? எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆட்சியில் நின்றது, நிலம் கொடுத்தவர் யார், இழப்பீடு கிடைத்ததா என்று எழுதி அனுப்புங்கள். நம் ஆட்சியில் நின்றது என்றால் அதை முதலில் எழுதுங்கள்.

சேதுவுக்கு வருவோம். மத்திய அரசு மூன்று செய்திகளை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். 2009ல் வாரி நிறுத்திய தடத்தில் இன்று எத்தனை மீட்டர் ஆழம் எஞ்சியிருக்கிறது, எவ்வளவை மணல் மூடிவிட்டது என்ற அளவை ஒன்று. 767 கோடி எந்தெந்தக் கணக்கில் போயிற்று என்ற விவரம் ஒன்று. மூன்றாவது, வேறு வழி பார்ப்போம் என்று 2018ல் சொன்னார்களே, அந்த வழி எது என்ற வரைபடம். வழி இல்லையென்றால் இல்லையென்று எழுதிக் கையொப்பமிட்டு, அந்தப் பணத்தில் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் மீன்பிடி இறங்குதளமும் குளிர்பதனக் கிடங்கும் எத்தனை கட்டலாம் என்ற கணக்கையும் அதே ஏட்டில் சேர்த்துத் தரட்டும்.